வாடகைக்கு மெஷினா, மேசையா? மதுரை கீழமாசி வீதி கணக்கு ஆபீஸில் 15 மாத அனுபவம்

2025 ஜனவரி, பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்த வாரம். மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-க்குக் கெடு தலைக்கு மேல் நின்றது. காலை ஒன்பதரைக்கு ஐந்து பேரும் உட்கார்ந்து, கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக எட்டுகிற வாடகைக் கம்ப்யூட்டரில், இருக்கிற டேலி கணக்கு மென்பொருளைத் திறக்கப் போனார்கள். ஒருத்தருக்கும் திறக்கவில்லை. ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் சர்வர் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி, அதற்குக் கீழே ஓகே பட்டன். அழுத்தினால் பெட்டி மறையும், அவ்வளவுதான். மேலூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண் நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, பொங்கலுக்கு முந்தி வரைக்கும் நல்லாத்தானக்கா இருந்துச்சு?"

அது ரிப்பேர் இல்லை. நாங்கள் வாங்கியிருந்த பொருள் ஒன்று, எங்களுக்குத் தேவைப்பட்ட பொருள் வேறொன்று. கிளவுட் வி.எம். (விர்ச்சுவல் மெஷின்) என்பதும் விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்பதும் ஒரே சரக்கின் இரண்டு பெயர் என்று நினைத்துத்தான் நான் பணம் கட்டினேன். என்னைப் போல ஆடிட்டர் ஆபீஸ், ஜிஎஸ்டி ஆபீஸ், மண்டிக் கணக்கு என்று நடத்துகிற பல பேர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் மதுரை கீழமாசி வீதியில், ஒரு வத்தல் மண்டிக்கு மேல் மாடியில் இருக்கிறது. இருபது வருஷமாக அதே மாடிதான். மளிகை மொத்த வியாபாரிகள், பருப்புக் கடைகள், நாலைந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் எங்கள் கட்சிக்காரர்கள். என்னோடு சேர்த்து ஆறு பேர். மேலூர், திருமங்கலம், சோழவந்தான் என்று ஆளுக்கு ஒரு திசையிலிருந்து வருகிறார்கள். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு மின்தடை. திருவிழா வந்தால் மாசி வீதிகளில் வண்டி நுழைய முடியாது. டேட்டா முழுவதும் ஆபீஸ் மூலையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் கிடந்தது. அது ஒரு நாள் படுத்தால் நாங்களும் படுக்க வேண்டியதுதான் என்ற பயத்தில் 2024 ஆகஸ்டில் கிளவுடுக்குப் போனோம்.

போன இடத்தின் பெயர் வேண்டாம். தெரிந்த ஒருவர், "பெரிய கிளவுடில் ஒரு விண்டோஸ் சர்வர் போட்டுத் தருகிறேன், எல்லாரும் அதில் உட்காரலாம்" என்றார். ஒரே நாளில் போட்டும் தந்துவிட்டார். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் பெரிய சர்வர் ஒன்று ஓடுகிறது. அதை மென்பொருளால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை நமக்கு முழுக் கம்ப்யூட்டராகவே காட்டுகிறார்கள். அந்தத் துண்டுதான் வி.எம். அமேசான் தன் வி.எம். வாடகைச் சேவையான இசி2-வை 2006-ல் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த வியாபாரம் ஓடிய நேரத்துக்கு வாடகை என்ற கணக்கில்தான் நடக்கிறது. எங்களுடையது நாலு சி.பி.யு., 16 ஜி.பி. ராம். வேகத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மூலையில் இருந்த பழைய பெட்டியில் இரண்டு நிமிஷம் எடுத்த பேலன்ஸ் ஷீட் சொடக்குப் போடுவதற்குள் வந்தது.

முதல் அடி பில்லில் விழுந்தது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், மாதத்துக்கு 26 நாள், ஆக 260 மணி நேரம் என்று கணக்குப் போட்டு 10,000 ரூபாய்க்குப் பக்கத்தில் எதிர்பார்த்திருந்தேன். 28,000-க்கு மேல் வந்தது. தினமும் சாயங்காலம் ஸ்டார்ட் மெனுவில் ஷட் டவுன் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விளங்கியது. நாங்கள் எடுத்த இடத்தில் விண்டோஸுக்குள் இருந்து அணைத்தால் மெஷின் அணையுமே தவிர, அந்தத் துண்டு நம் பெயரிலேயே ஒதுக்கப்பட்டு நிற்கும். வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அவர்களுடைய நிர்வாகப் பக்கத்துக்குப் போய் அங்கே நிறுத்தினால்தான் மீட்டர் நிற்கும். கல்யாண மண்டபத்தில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, சாவியைத் திருப்பித் தராமல் வீட்டுக்குப் போன கணக்கு. மாதத்துக்கு 730 மணி நேரம், முழுதாகக் கட்டினோம். எல்லா கிளவுடிலும் இப்படி இல்லை. சில இடங்களில் உள்ளேயிருந்து அணைத்தாலே போதும். ஆனால் எங்கே அணைத்தாலும் டிஸ்க்குக்கு வாடகை நிற்காது. நம் டேட்டா அதில்தானே உட்கார்ந்திருக்கிறது. வி.எம். எடுக்கிறவர்கள் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

இரண்டாவது தகராறு, ஆள் எண்ணிக்கை. சும்மா போட்ட விண்டோஸ் சர்வரில் ஒரே சமயத்தில் இரண்டு பேர்தான் ரிமோட்டில் உட்காரலாம். அதுவும் சர்வரைப் பராமரிப்பதற்காகக் கொடுத்த வழி, டேலி போடுவதற்காகக் கொடுத்தது இல்லை. மூன்றாவது ஆள் வந்தால், "உள்ளே இருப்பவர்களில் யாரை வெளியேற்ற?" என்று அவரையே கேட்கும். சோழவந்தான் தம்பி விவரம் தெரியாமல் ஒரு பெயரைத் தொட்டுவிட்டான். பக்கத்து மேசையில் பாதி வவுச்சரில் இருந்த மேலூர்ப் பெண்ணின் திரை பொசுக்கென்று போனது. "யாருடா என்னையத் தள்ளிவிட்டது?" என்று எழுந்துவிட்டாள். என்ட்ரி அழியவில்லை, மறுபடி உள்ளே போனால் விட்ட இடத்திலேயே இருந்தது. ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இப்படி நடந்தால் யாருக்குத்தான் வேலை ஓடும்?

அதற்கு மருந்தாக, சர்வர் போட்டுத் தந்த அதே ஆள் செப்டம்பரில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்ற பகுதியைப் போட்டுக் கொடுத்தார். ஐந்து பேரும் ஒன்றாக உட்கார முடிந்தது. அதற்கு ஆளுக்கு ஒன்று வீதம் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதையும், வாங்காவிட்டால் 120 நாள் மட்டும்தான் சலுகை என்பதையும் அவர் சொல்லவில்லை. பொங்கல் முடிந்து வந்த காலையில் அந்த 120 நாளும் தீர்ந்திருந்தது.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என் தங்கை மகன். வடபழஞ்சி எல்காட் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிறான். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நேரே வந்தான். நிர்வாகிக்கு என்று இருக்கிற தனி வழியாக உள்ளே போய்ப் பழைய இரண்டு பேர் முறைக்கு மாற்றிக் கொடுத்தான். அந்த வாரம் முழுக்க இரண்டிரண்டு பேராக முறை வைத்து, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்து ரிட்டர்ன் போட்டோம். கீழே மண்டியில் லாரிச் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும், வத்தல் நெடி மாடி வரைக்கும் ஏறும், இருமிக்கொண்டே வேலை பார்த்தோம். ஒரு கட்சிக்காரருக்கும் லேட் ஃபீஸ் விழவிடவில்லை.

அவன் போகும்போது இன்னொன்றையும் காட்டினான். விண்டோஸில் நடந்ததையெல்லாம் காட்டுகிற ஈவென்ட் வியூவரைத் திறந்து, 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டினான். தோற்றுப்போன லாகின் முயற்சிகளின் எண் அது. ஒரே ராத்திரியில் நிமிஷத்துக்கு நிமிஷம் வரிகள். அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர் என்று பெயர் மாற்றி மாற்றி யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். உருட்ட உருட்டப் பட்டியல் முடியவே இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வருகிற வாசல், அதாவது ஆர்.டி.பி.யின் 3389 போர்ட், ஊருக்கே திறந்து கிடந்திருக்கிறது. "பெரியம்மா, இத்தனை நாள் ஒன்னும் ஆகாம இருந்ததே மீனாட்சி புண்ணியம். நீங்க எடுத்தது வெறும் மெஷின். அப்டேட், பாஸ்வேர்ட், பூட்டு, லைசென்ஸ், பேக்கப் எல்லாம் எடுத்தவுக பொறுப்பு. உங்களுக்கு வேண்டியது ஆளுக்கு ஒரு மேசை, அவ்வளவுதான்" என்றான்.

அந்தப் பேச்சில்தான் எனக்கு வித்தியாசம் பிடிபட்டது. விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு அடியிலும் ஓடுவது வி.எம்.தான். அதற்கு மேலே என்னென்ன கட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. யார் உள்ளே வரலாம் என்று பார்க்கிற வாசல், வந்தவரை அவருடைய டெஸ்க்டாப்பிலேயே கொண்டுபோய் உட்கார வைக்கிற ஏற்பாடு, லைசென்ஸ், அணைப்பது எழுப்புவது, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க் அப்போது இருந்தபடியே ஒரு நகல். இதையெல்லாம் அவர்கள் பார்க்கிறார்கள். வி.எம்.மில் இவை எல்லாம் நம் தலையில்.

இதிலும் மூன்று தினுசு உண்டு. மைக்ரோசாப்ட் 2019-ல் விண்டோஸ் விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்று ஆரம்பித்து 2021-ல் அஷூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்று பெயர் மாற்றியது ஒன்று. அதில் ஒரே மெஷினைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆள் நிறைய இருந்தால் செலவு மிச்சம்தான், ஆனால் அமைத்துப் பராமரிக்க விவரமான ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 365-ல் ஆளுக்கு ஒரு பி.சி., மாதத்துக்கு ஒரே நிலையான கட்டணம். ஒரு மணி நேரம் ஓடினாலும் முந்நூறு மணி நேரம் ஓடினாலும் அதே தொகை. அதன் பிசினஸ் திட்டம் 300 பேர் வரைக்கும். மூன்றாவது 2014-லிருந்து இருக்கிற அமேசான் வொர்க்ஸ்பேசஸ். இதில் மாதக் கட்டணமும் உண்டு, மணிக்கணக்கும் உண்டு.

நாங்கள் மூன்றாவதை எடுத்தோம், மும்பை ரீஜியனில், அதாவது அவர்களுடைய மும்பை டேட்டா சென்டரில். அதற்கு ஒரே காரணம் டேலி டேட்டா. டேலிபிரைம் கோல்டு என்பது ஒரே நெட்வொர்க்குக்குள் பல பேர் போடுகிற லைசென்ஸ். டேட்டா ஒரே இடத்தில் இருக்க வேண்டும், எல்லாரும் அங்கேயிருந்து எடுக்க வேண்டும். வொர்க்ஸ்பேசஸ் டெஸ்க்டாப்புகள் நம்முடைய தனி நெட்வொர்க்குக்குள்ளேயே உட்காருவதால், அதே நெட்வொர்க்கில் ஒரு சின்ன இசி2 வி.எம்.மை வைத்து, டேட்டாவையும் டேலி லைசென்ஸையும் அதில் போட்டான் தங்கை மகன். அந்த வி.எம்.முக்குள் டெஸ்க்டாப்புகளிலிருந்து மட்டும்தான் போக முடியும், வெளியிலிருந்து ஒரு கதவும் கிடையாது. ஆக, வி.எம்.மை நாங்கள் கைவிடவில்லை. ஆள் உட்காருகிற இடமாக இருந்ததை இரும்புப் பெட்டியாக மாற்றினோம். அந்த வேலைக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. ஒரு ஜாக்கிரதை: பழைய மெஷினை மூடுவதற்கு முன்னால் டேலி லைசென்ஸை மறக்காமல் சரண்டர் செய்துவிட வேண்டும், அப்புறம்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

ஒன்பது மாதமாக ஓடுகிறது. உள்ளே இருப்பது விண்டோஸ் சர்வர்தான் என்றாலும் முகம் பார்க்க விண்டோஸ் 10 மாதிரியே இருக்கும், அதனால் பிள்ளைகளுக்குப் பழக ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆளுக்கு சி டிரைவ், டி டிரைவ். நம் கோப்புகளெல்லாம் டி-யில். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை அதுவே ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கிறது. மார்ச்சில் ஒரு டெஸ்க்டாப்பில் ஏதோ ஒரு யுட்டிலிட்டியைப் போட்டு விண்டோஸே குழம்பிப் போனது. ரீபில்ட் கொடுத்தோம். சி டிரைவ் புத்தம் புதுசாகத் திரும்பியது, டி டிரைவ் கடைசி ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்தது. காலையில் செய்த வேலை மட்டும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. முன்னால் என்றால் ஆள் பிடித்து, பார்மட் அடித்து, இரண்டு நாள் போயிருக்கும்.

மூன்று பேருக்கு ஆட்டோஸ்டாப் வைத்திருக்கிறேன். கனெக்‌ஷனை விட்டு ஒரு மணி நேரம் கழித்து அதுவே தூங்கிவிடும். மறுபடி வந்தால் ஒன்றிரண்டு நிமிஷத்தில், திறந்து வைத்திருந்த லெட்ஜர் உட்பட, விட்ட இடத்திலேயே எழுந்திருக்கும். யாரும் எதையும் அணைக்க வேண்டாம். முதல் மாதத்து 28,000-ஐப் பார்த்தவள் நான். இந்த ஒன்றுக்காகவே மனசார நன்றி சொல்வேன். நாள் முழுக்க உட்காருகிற இரண்டு பேருக்கு மணிக்கணக்கு கட்டுப்படியாகாது, மாதக் கட்டணம்தான் லாபம். யார் எத்தனை மணி நேரம் உட்காருகிறார்கள் என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக நிறுத்தி நிறுத்தி ஓட்டிய மாதங்களின் பழைய வி.எம். பில்லைவிட இப்போது மூன்றில் ஒரு பங்கு அதிகமாகக் கட்டுகிறேன். அந்தப் பழைய பில்லோடு ஐந்து பேர் லைசென்ஸையும், ஆள் கூப்பிட்டுப் பார்த்த கூலியையும் சேர்த்தால் வித்தியாசம் பெரிதாக இல்லை. பில் ரூபாயில் 18 சதவீதம் ஜிஎஸ்டியோடு வருகிறது. அக்கவுன்ட் திறக்கும்போதே ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்) கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் கட்டிய வரியை ஐடிசி-யாகக் கழித்துக்கொள்ளலாம். இதை நம்மைப் போன்ற ஆபீஸ்களே கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. டிஜிட்டல் சிக்னேச்சர் (டி.எஸ்.சி.) டோக்கனை லேப்டாப்பில் செருகி, மும்பையில் இருக்கிற டெஸ்க்டாப்பில் கையெழுத்துப் போட நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதை விட்டுவிட்டோம். கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டியில் டி.எஸ்.சி. இல்லாமல் முடியாது, ஆகவே கணக்கெல்லாம் அங்கே, கையெழுத்துக்கு மட்டும் லேப்டாப் பிரவுசரில் போர்ட்டலைத் திறந்து இங்கே. பிரின்டரும் அப்படித்தான். பி.டி.எஃப். ஆக எடுத்து இங்கே அச்சடிக்கிறோம், அதில் எங்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. தினமும் ஐம்பது பில் அடிக்கிற கடைக்காரருக்கு இது ஒத்துவராது, அவர் கல்லாவுக்கு முன்னால் சொந்தக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வதுதான் சரி. நெட் போனால் வேலை நிற்கும். அதற்காக இரண்டு கம்பெனி லைன் எடுத்து வைத்திருக்கிறோம். இங்கிருந்து மும்பை போய் வர 40 மில்லி செகண்டுக்குப் பக்கம் காட்டுகிறது, தட்டிய எழுத்து உடனே விழுகிறது. போன் ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் குறைந்தால் மட்டும் சுட்டி இழுபடும்.

பேக்கப் விஷயத்தில் யாரும் மெத்தனமாக இருக்கக் கூடாது. ஸ்னாப்ஷாட்டை நம்பி உட்காராதீர்கள், அது டெஸ்க்டாப்பைத் தூக்கி நிறுத்தத்தான். 2022 ஆகஸ்டில் திருத்திய கம்பெனி கணக்கு விதிப்படி, கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கிற சர்வரில் இருந்தாக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் எந்தத் திருத்தம் எப்போது நடந்தது என்று பதிகிற எடிட் லாகும் கம்பெனிகளுக்குக் கட்டாயம். நாங்கள் தினமும் ஏழு மணிக்கு டேலி பேக்கப் எடுத்து, அதே நாட்டுக்குள் வேறொரு சேமிப்பில் தேதி போட்டு வைக்கிறோம். வி.எம். எடுத்தாலும் டெஸ்க்டாப் எடுத்தாலும் இதை யாரும் நமக்காகச் செய்ய மாட்டார்கள்.

சித்திரைத் திருவிழாவைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2025-ல் மே 9 தேரோட்டம், மே 12 அழகர் ஆற்றில் இறங்கினார். நடுவில் மே 11, விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள். மாசி வீதியில் தேர் வருகிறது என்றால் எங்கள் மாடிப்படிக்குக் கீழே நிற்கக்கூட இடம் இருக்காது. மற்ற வருஷமெல்லாம் அந்த வாரம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருப்பேன். இந்தத் தடவை எட்டாம் தேதியே ஆபீஸைப் பூட்டிவிட்டோம். ஐந்து பேரும் வீட்டிலிருந்தே உட்கார்ந்தார்கள். மேலூர்ப் பெண்ணின் ஊரில் அன்றைக்குப் பார்த்துக் கரன்ட் இல்லை. லேப்டாப் பேட்டரியில், போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினாள். நடுவில் பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்தது. மும்பையில் இருக்கிற டெஸ்க்டாப் அணையவில்லையே. அடுத்த வீட்டு இன்வெர்ட்டரில் சார்ஜ் போட்டுவிட்டு உள்ளே வந்தால், பாதியில் விட்ட இன்வாய்ஸ் பட்டியல் அப்படியே திறந்து நின்றது. பதினொன்றாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, எல்லாம் போட்டாச்சு. ரிட்டர்ன் போட்டதுக்கு வந்த ஏஆர்என் நம்பர் எல்லாத்தையும் குரூப்ல போட்டுட்டேன். நான் அழகர் பார்க்கக் கிளம்பட்டா?" பின்னால் அவள் அம்மா திரியெடுத்து ஆடப்போகிற மாமாவைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

திருமங்கலத்துப் பெண் ஜூலையில் பிரசவத்துக்குப் போனாள். போகும்போது, திரும்பி வருவது சந்தேகம்தான் என்று கண் கலங்கிச் சொல்லிவிட்டுப் போனாள். கைப்பிள்ளையோடு தினமும் பஸ்ஸில் வந்து போக முடியாது என்பது நியாயம்தான். போன வாரம் பிள்ளையைப் பார்க்கப் போனபோது, மூன்று மாதம் கழித்து ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வீட்டிலிருந்தே பார்க்கிறாயா என்று கேட்டேன். அவள் மாமியார் முந்திக்கொண்டு, "பிள்ளைய நான் வச்சுக்கிறேன்த்தா, நீ பாரு" என்று விட்டார். அவளுடைய டெஸ்க்டாப்பை நான் அழிக்கவில்லை. ஆட்டோஸ்டாப்பில் தூங்குகிறது, மாதாமாதம் அதன் அடிப்படைக் கட்டணத்தை மட்டும் கட்டிவருகிறேன். டி டிரைவில் அவள் வைத்துவிட்டுப் போன கட்சிக்காரர் ஃபோல்டர்கள் எல்லாம் பெயர் மாறாமல் அப்படியே இருக்கின்றன.